பேட்டரியை மாற்றுவதற்கு முன் கசிவை அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தாலே காரின் பேட்டரி இறங்கிப்போகிறது, என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளியான பதிலைப் படித்தேன். வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட வேண்டும், அப்படியும் தொல்லை தீராவிட்டால் பேட்டரியை மாற்றிவிட வேண்டும் என்பதே அந்தப் பதிலின் சாரம். கார்களின் மின்வேலையையே பிழைப்பாகக் கொண்டு பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த இரண்டு யோசனைகளில் முதலாவது பலன் தராது. இரண்டாவது, பல வீடுகளில் நல்ல பேட்டரியைக் கழற்றி எடைக்குப் போட வைக்கும். எனவே இதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் அந்தப் பத்து நிமிடக் கணக்கைப் பார்த்துவிடலாம். நம் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி. அதில் பாதி இறங்கியிருந்தால் 17 ஆம்பியர்-மணிக்கு மேல் திரும்ப ஏற்ற வேண்டும். வண்டி நகராமல் என்ஜின் மட்டும் ஐட்லிங்கில் ஓடும்போது, என்ஜின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனுக்கு வெகு கீழேதான் மின்சாரம் தரும். அதிலும் ஏசியும் விளக்கும் ரேடியேட்டர் ஃபேனும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே பேட்டரிக்குப் போகும். பேட்டரிக்கு 15 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் ஏறுவது இரண்டரை ஆம்பியர்-மணிதான். தவிரவும், என்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால் எரிபொருள் எரிந்து உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடுகிறது. ஷட்டரை இறக்கிய ஷெட்டுக்குள் இப்படி வண்டியை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும் என்பதை அந்தப் பதிலில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

நின்ற இடத்தில் பேட்டரி இறங்குகிறது என்றால், அதற்கு மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்: பேட்டரியே ஏற்றிய மின்சாரத்தைத் தாங்கவில்லை, அல்லது வண்டி ஓடும்போது அது முழுதாக ஏறுவதே இல்லை, அல்லது சாவியை எடுத்த பிறகும் வண்டிக்குள் ஏதோ ஒன்று அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இம்மூன்றையும் பிரித்தறிய ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு 10 எம்எம் ஸ்பேனரும் பேட்டரி சார்ஜரும் போதும். பேட்டரியைச் சார்ஜரில் முழுமையாக ஏற்றிய பின், மைனஸ் டெர்மினலை இணைக்காமல் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் வோல்டேஜை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் 13 வோல்ட் வரை காட்டி ஏமாற்றும் என்பதால்தான் இந்த இரவு அவகாசம். பிறகு, வழக்கமாக எத்தனை நாளில் வண்டி படுத்துக்கொள்கிறதோ அத்தனை நாள் மைனஸை இணைக்காமலே வைத்திருந்து மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறக்குறைய மாறாமல் நின்றால் பேட்டரி நல்லது, வண்டிதான் குடிக்கிறது. யாரும் தொடாமலே எண் இறங்கியிருந்தால் குறை பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரே சோதனையில் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். இதற்குப் பொறுமையைத் தவிர வேறு செலவும் இல்லை.

எண்களைப் படிப்பதிலும் ஒரு பொதுவான தவறு உண்டு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பன்னிரண்டு வோல்ட் காட்டுகிறதே, பிறகென்ன என்று கேட்காத வாடிக்கையாளரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால்தான் அது முழுதாக ஏறியிருக்கிறது என்று பொருள், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். எத்தனை முறை ஏற்றினாலும் மறுநாள் 10.5 வோல்ட்டில் வந்து நின்றால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம், ஏனெனில் ஒரு செல்லின் பங்கு 2.1 வோல்ட். மூடி திறக்கக்கூடிய பழைய வகை பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவு: ஐந்து செல்களில் 1.260 காட்டி ஆறாவதில் 1.150 காட்டினால் அந்தப் பேட்டரியோடு இனிப் போராட வேண்டியதில்லை. சீல் வைத்த பேட்டரிகளை, கடைகளில் இருக்கும் கையடக்க டெஸ்டரில் பார்த்து அச்சிட்ட சீட்டு வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் முழுதாக ஏற்றிய பிறகே அந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல வேண்டும், இறங்கிக் கிடக்கும் பேட்டரியை வைத்து டெஸ்டர் தரும் தீர்ப்பை நம்ப முடியாது.

நம் ஊர் வெயிலையும் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பம் பத்து டிகிரி கூடும்போது பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. உள்ளே தகடுகள் அரிப்பதும் வேகமாகிறது. குளிர்நாடுகளில் பேட்டரி பனிக்காலத்தில் கைவிடும். ஆனால் அதை உள்ளுக்குள் கெடுத்து வைப்பது கோடைதான். ஆகவே திருச்சியிலும் வேலூரிலும் மூன்று நான்கு ஆண்டு உழைத்த பேட்டரி சோதனையில் தோற்றால் வியப்பில்லை, அதை மாற்றத்தான் வேண்டும். போன ஆண்டு வாங்கிய பேட்டரி இரண்டு நாளில் இறங்குகிறது என்றால்தான் சந்தேகம் வண்டியின் பக்கம் திரும்ப வேண்டும்.

ஓடும்போது ஏறுகிறதா என்பதை அறிவது மிக எளிது. என்ஜின் ஓட, பேட்டரியின் இரு டெர்மினல்களிலும் மீட்டரை வைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் கணினியே இதைக் கூட்டிக் குறைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டியில் ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருந்தும் பேட்டரி பட்டினி கிடக்கும். டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தாலும் இதே கதைதான். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் போதும்.

இனி வண்டியே குடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நிறுத்திப் பூட்டிய கார் கொஞ்சமும் மின்சாரம் எடுக்காது என்று நினைப்பது தவறு. அம்பாசிடர் காலத்தில் கடிகாரம் இருந்தால் அதோடு சரி. இன்றைய வண்டியில் ரிமோட் லாக்கின் ரிசீவர், அலாரம், கட்டுப்பாட்டுக் கணினிகளின் நினைவகம் ஆகியவை இரவும் பகலும் விழித்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை இழுப்பது இயல்பு. 30 மில்லியாம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 35 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாக மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு மாதம் வெளியூர் போய்வந்தவரின் வண்டி செல்ஃப் எடுக்காவிட்டால் அதில் கோளாறு எதுவும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் டிக்கி மூடியின் சுவிட்ச் பழுதாகி உள்ளே ஒரு 5 வாட் பல்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், அது இழுப்பது 0.4 ஆம்பியருக்கு மேல், நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணி. இரண்டு நாளில் பாதிக்கும் கீழே போய்விடும். மூடிய டிக்கிக்குள் எரியும் விளக்கை யார் பார்க்கப் போகிறார்கள்? கைப்பேசியை வீடியோ எடுக்க வைத்து உள்ளே போட்டு மூடிப் பாருங்கள் என்று நான் சொல்வது வழக்கம்.

நிறுத்திய வண்டி இப்படி உறிஞ்சும் மின்சாரத்தையே கசிவு என்கிறோம். அதை அளக்கும் முறையில் பொறுமை மிக முக்கியம். மைனஸ் டெர்மினலைக் கழற்றி, பேட்டரியின் மைனஸ் கம்பத்துக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே, 10 ஆம்பியர் துளையில் செருகிய மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். இணைத்தவுடன் வண்டியின் கணினிகள் எல்லாம் விழித்துக்கொண்டு பல ஆம்பியர் இழுக்கும் என்பதால், முதலில் ஒரு தடித்த ஒயரால் கம்பத்தையும் கேபிளையும் சேர்த்துவைத்து, எல்லாம் அடங்கிய பிறகு அந்த ஒயரை எடுத்துவிடுவது பாதுகாப்பு. மீட்டர் தொடரில் இருக்கும்போது செல்ஃப் அடிப்பதோ ஹெட்லைட் போடுவதோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டின் கீழே இருப்பதால் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அப்போது கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தால், கதவு சாத்தியிருப்பதாக வண்டி நம்பிவிடும். வேலை முடிந்ததும் அந்த நாக்கை மறுபடி விடுவிக்காமல் கதவை அடித்துச் சாத்துபவர்கள் பூட்டையே உடைத்துக்கொள்வார்கள். ஸ்மார்ட் சாவியை வண்டியிலிருந்து பல அடி தள்ளி வைக்க வேண்டும். போர்டிகோவில் நிற்கும் காருக்கும் நிலைக்கதவை ஒட்டி மாட்டியிருக்கும் சாவிக்கும் இடையே சில வண்டிகளில் ஓயாமல் பேச்சு நடந்து, அதுவே கசிவுக்குக் காரணமாவதும் உண்டு. இத்தனையும் செய்து பூட்டிவிட்டு, குறைந்தது அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை காத்திருக்க வேண்டும். ஐந்தாம் நிமிடத்தில் வந்து பார்த்துவிட்டு ஒரு ஆம்பியர் லீக்கேஜ் என்று அறிவிக்கும் அவசரக்காரர்களால் நல்ல வண்டிகளின் ஒயரிங் பிரிக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டறையை மூடுவதற்குச் சிறிது காலம் முன்பு வந்த ஒரு சிறிய காரைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஓராண்டுக்குள் அதில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இரண்டாவதை விற்ற கடை முதலாவதின் தயாரிப்பைக் குறை சொல்லியிருந்தது. மீட்டரை இணைத்தபோது 2 ஆம்பியருக்கு மேல் காட்டி, கதவுகளைப் பூட்டியதும் படிப்படியாக இறங்கி, 0.38-இல் வந்து ஆணி அடித்தாற்போல் நின்றது. முக்கால் மணி கழித்தும் அதே எண். இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஃபியூஸைப் பிடுங்கினால் கணினிகள் கலைந்து விழித்துக்கொள்ளும். இப்படித் தொட்டுப் பார்த்தால் கலையாது, மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மட்டும் ஒரு சிறு எண் தெரியும். ஆடியோ ஃபியூஸில் தெரிந்தது. வெளியில் வாங்கிப் பொருத்திய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை இழுத்துப் பார்த்தால், பின்னால் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றப்பட்டு, நேரடி சப்ளையில் சேர்க்கப்பட்டிருந்தன. மஞ்சள், நினைவகத்துக்காக எப்போதும் மின்சாரம் பெற வேண்டியது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் பெற வேண்டியது. இரண்டையும் சேர்த்துவிட்டால், பொத்தானை அழுத்தித் திரையை இருளாக்கினாலும் உள்ளேயிருக்கும் கணினி தூங்குவதில்லை. சிவப்பைப் பிரித்து, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி ஒயரில் இணைத்ததும் மீட்டர் 0.02-க்கு வந்துவிட்டது. இதற்கு ஆன பொருட்செலவு ஒரு முழம் ஒயரும் கொஞ்சம் டேப்பும்.

வெளிச்சந்தையில் பொருத்தும் கருவிகளே என் அனுபவத்தில் முதல் குற்றவாளிகள்: பார்க்கிங் நேரத்திலும் படம் பிடிக்கும் டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, ஆம்ப்ளிஃபயர், வண்டியின் கோளாறுகளைப் படிப்பதற்கான ஓபிடி துளையில் செருகி மறந்துபோன ஸ்கேனர். அடுத்து, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டு அணையாமல் இருப்பது, டேஷ்போர்டுப் பெட்டியின் விளக்கு. ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைப் பலர் சந்தேகிக்கிறார்கள். அதற்கு வண்டியோடு மின் இணைப்பே கிடையாது, சுங்கச்சாவடி ரீடரின் அலையிலிருந்தே அது தனக்கான ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. எல்லா ஃபியூஸையும் பிடுங்கிய பிறகும் கசிவு நீடித்தால் கை ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும். அதன் தடித்த ஒயர் உள் ஃபியூஸ் பெட்டி வழியாக வராமல் பேட்டரியோடு இணைகிறது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று உள்ளே பழுதாகிவிட்டால், மின்சாரம் அந்த வழியே திரும்பி ஒழுகும். பேட்டரியின் இணைப்பை முழுதும் எடுத்துவிட்டு, அந்தத் தடித்த ஒயரை ஆல்டர்னேட்டரிலிருந்து கழற்றி முனையை ரப்பர் சுற்றி மூடிய பின் மறுபடி அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

இங்கே ஒரு கண்டனத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் இன்றும் பல பட்டறைகளில் இருக்கிறது. வண்டி நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது என்பது அவர்கள் கணக்கு. டைனமோ காலத்து வண்டியில் அது தப்பித்திருக்கலாம். இப்போது அப்படிக் கழற்றினால் மின்னழுத்தம் ஒரு நொடியில் பல மடங்கு எகிறி, கணினிகளையும் ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் பதம் பார்த்துவிடும். அதாவது, இல்லாத கசிவை இந்தச் சோதனையே உண்டாக்கிவிடக்கூடும். ஒயரை உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான்: சார்ஜ் ஏறிய பேட்டரியின் அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கும், பொறி பட்டால் வெடிக்கும். ஜம்ப் கேபிள் போடும்போது கடைசி மைனஸ் கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி என்ஜினின் உலோகப் பகுதியில் மாட்டச் சொல்வதும் இதனால்தான்.

நீண்ட நாள் ஊரில் இல்லாதவர்கள் மைனஸை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். கடிகாரம் அழிந்துவிடும், கண்ணாடியைத் தானே ஏற்றும் வசதியை மறுபடி பழக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இறங்கிய நிலையிலேயே பேட்டரியை மாதக்கணக்கில் விட்டுவைப்பதுதான் பெரிய கேடு, ஏனெனில் தகடுகளில் படியும் லெட் சல்ஃபேட் நாளடைவில் கெட்டித்துப் போய், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரைவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய பிறகு தெருவில் நின்றுபோன வண்டிகளில் எத்தனையோ நல்ல பேட்டரிகள் இப்படித்தான் வீணாயின.

இவ்வளவும் தெரிந்திருந்தும் கடைகளும் சர்வீஸ் சென்டர்களும் ஏன் அளப்பதில்லை என்ற கேள்வி எழலாம். பேட்டரி மாற்றக் கால் மணி நேரம் போதும், அதில் கமிஷனும் உண்டு. கசிவைத் தேட இரண்டு மணி நேரம் ஆகும்; அதில் பாதி நேரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்; முடிவில் ஒரு ஒயரைப் பிரித்து மாட்டியதற்கு ஐந்நூறு ரூபாய் கேட்டால், ஒயர் விலை பத்து ரூபாய்கூட இல்லையே என்று வண்டிக்காரர் முகம் சுளிப்பார். அதே மனிதர் தேவையில்லாத பேட்டரிக்குச் சில ஆயிரங்களை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுப்பார். வாரண்டியும் இங்கே கைகொடுப்பதில்லை: கடையில் ஏற்றிச் சோதித்து, பேட்டரியில் குறையில்லை, இறங்கியதை ஏற்றியிருக்கிறோம் என்று திருப்பித் தந்துவிடுவார்கள், அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை அடிமட்டம் வரை இறங்கும்போதும் அந்தப் பேட்டரியின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது.

எனவே என் வேண்டுகோள் இரு தரப்புக்கும். பேட்டரி விற்கும் கடைகளும் சர்வீஸ் சென்டர்களும், நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்குகிறது என்று வரும் எந்த வண்டிக்கும், ஓய்வு வோல்டேஜ், என்ஜின் ஓடும்போது வோல்டேஜ், வண்டி அடங்கிய பின் கசிவு மின்னோட்டம் என்ற மூன்று எண்களையும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். அந்த மூன்றும் இல்லாமல் பேட்டரியை மாற்றச் சொல்லக் கூடாது. வண்டிக்காரர்கள் அந்த அளவைக்கென்று தனிக் கூலி கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். தங்கள் வாகனப் பகுதியும் அடுத்த முறை இதே கேள்வி வரும்போது, பேட்டரியின் வயதையும் இந்த மூன்று எண்களையும் கேட்டு வாங்கிய பிறகே பதில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கார் எலக்ட்ரீஷியன்,
திருச்சிராப்பள்ளி.